கனியங்களின் வன்மையைச் சோதித்தல்

வன்மை என்பது கீறலை எதிர்க்கும் தன்மையாகும். இதனை உடையும் தன்மையுடன் குழப்புவதாலேயே பலர் புள்ளிகளை இழக்கின்றனர். வைரம் மிக வன்மையானது. ஆயினும் சுத்தியலால் அடித்தால் பிளந்துவிடும்.

1812 இல் ஜேர்மனியரான பிரெட்றிக் மோஸ் பத்துக் கனியங்களைக் கொண்டு ஓர் அளவுத்திட்டத்தை அமைத்தார். தல்க்கு 1, ஜிப்சம் 2, கல்சைற்று 3, புளோரைற்று 4, அப்பதைற்று 5, ஓதோகிளேசு 6, குவாட்சு 7, புட்பராகம் 8, கொரண்டம் 9, வைரம் 10. எப்பாவலையின் அப்பதைற்றையும், கொரண்ட வகையான இரத்தினபுரி நீலக்கல்லையும் நினைவில் வைத்தால் 5 உம் 9 உம் மறக்காது. இவை வரிசை எண்கள் மாத்திரமே. 9 இற்கும் 10 இற்கும் இடைவெளி ஒன்றுதான் என எழுத வேண்டாம். வைரம் கொரண்டத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு வன்மையானது.

கற்கள் சேகரிப்போருக்கு விரல் நகம் (2.5), செப்புக் கம்பி (3), கண்ணாடித் துண்டு (5.5), உருக்கு அரம் (6.5) என்பனவே போதும். பழைய நூல்கள் செப்பு நாணயம் என்று கூறும். நமது இன்றைய நாணயங்களிற் பல உருக்கினாலானவை, அவற்றை நம்பவேண்டாம். காந்தத்தைப் பிடித்துப் பார்த்தால் பலவற்றில் ஒட்டுவதைக் காணலாம்.

ஒரு வெள்ளைக் கல் கிடைக்கிறது. அது கல்சைற்றா, குவாட்சா? பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். வானிலையால் அழிந்த மேற்பரப்பு மென்மையாக இருக்கும். ஆகவே புதிதாக உடைந்த முகத்தைத் தெரிவு செய்க. கண்ணாடியை மேசையில் வைத்து (கையில் பிடிக்கக் கூடாது) கல்லின் கூரான முனையால் அழுத்தி ஒருமுறை இழுக்கவும். வெண்கோடு தெரிந்தவுடன் முடிவெடுக்க வேண்டாம். ஈரவிரலால் துடைத்துப் பார்க்கவும். கோடு அழிந்தால் அது கல்லின் தூளே. கல் கண்ணாடியிலும் மென்மையானது. பள்ளம் எஞ்சினால் கல்லே வன்மையானது, குவாட்சாக இருக்கலாம். பின்னர் மறுபுறமாக, கண்ணாடி விளிம்பால் கல்லைக் கீறி உறுதிப்படுத்துக. கல்சைற்று கீறப்படும், ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் நுரைக்கவும் செய்யும்.

பட்டை தீட்டிய இரத்தினக்கல்லில் இச்சோதனையைச் செய்யலாகாது. கீறல் விழுந்தால் அதன் பெறுமதி குறைந்துவிடும்.

மாதிரி வினா: ஒரு கனியம் செப்புக் கம்பியால் கீறப்படவில்லை, அதனைக் கண்ணாடி கீறியது. அது மோஸின் பத்துக் கனியங்களுள் எதுவாக இருக்கலாம்? மேலும் எவ்வாறு உறுதிப்படுத்துவீர்?

விடை: வன்மை 3 இற்கும் 5.5 இற்கும் இடைப்பட்டது. எனவே புளோரைற்று அல்லது அப்பதைற்று. தெரிந்த அப்பதைற்றுத் துண்டொன்றால் கீறுதல் வேண்டும். தெளிவான பள்ளம் விழுந்தால் அது புளோரைற்று.