பெரிய வெள்ளி வில்லை: விலை பேசுமுன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டு உறவினர் உள்ளங்கையளவு வெள்ளி வில்லையொன்றைத் தந்துவிட்டுப் போனால், கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ நகைக்கடைப் படி ஏறுமுன் அதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். படத்துக்கும் பருமனுக்கும் கடைக்காரர் காசு தரமாட்டார். நிறைக்கும் தூய்மைக்கும்தான் தருவார்.

1. எழுத்தை வாசியுங்கள்

நாட்டின் பெயரும் முகப்பெறுமதியும் இருந்தால் அது பெரும்பாலும் அரச நாணயம். அவுஸ்திரேலியாவின் 1 கிலோ குக்கபரா வெள்ளி நாணயத்தில் 30 டொலர் என்றிருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் தனியார் வார்ப்பு. அமெரிக்க அரசு 1986 முதல் வெளியிடும் வெள்ளிக் கழுகு 1 ட்ரோய் அவுன்ஸ். அதைப் பெரிதாக்கியதுபோன்ற ‘அரை இறாத்தல்’ வில்லைகளை வாஷிங்டன் மின்ட் என்ற தனியார் நிறுவனம் விற்றது. ‘மின்ட்’ என்ற பெயரைக் கண்டு அரசாங்கத்தினது என்று எண்ணிவிடாதீர்கள்.

999 என்றால் தூய வெள்ளி. 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு. ‘100 மில்ஸ்’, ‘கிளாட்’ என்பன வெறும் மேற்பூச்சு. ‘ஜேர்மன் சில்வர்’ என்பதில் வெள்ளியே இல்லை.

2. நிறுங்கள்

ஒரு ட்ரோய் அவுன்ஸ் 31.1 கிராம். வில்லையில் 8 ட்ரோய் அவுன்ஸ் என்றிருந்தால் 248.8 கிராம் வர வேண்டும். நாம் பழகிய 8 அவுன்ஸ் அரை இறாத்தலோ 226.8 கிராம்தான்.

3. காந்தம் பிடியுங்கள்

ஒட்டினால் உள்ளே இரும்பு போன்ற வேறு உலோகம் இருக்கிறது. ஒட்டாததால் மட்டும் நம்பிவிட முடியாது. செம்பும் ஈயமும்கூட ஒட்டாது.

4. தண்ணீரில் தொங்கவிடுங்கள்

டிஜிட்டல் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். வில்லையை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். 10 அவுன்ஸ், அதாவது 311 கிராம் தூய வெள்ளிக்குத் தராசு ஏறத்தாழ 29.6 காட்டும். செம்பென்றால் 34.7, ஈயமென்றால் 27.4. வேறு நிறைகளுக்கு, கிராமை 10.49ஆல் வகுத்தால் வரவேண்டிய எண் கிடைக்கும்.

5. பத்தரிடம் காட்டுங்கள்

உரைகல் மேற்பரப்பைத்தான் சொல்லும். தடித்த வில்லையின் நடுவை அறியாது. ஆனாலும் அராவவோ துளைக்கவோ அவசரப்பட்டு விடாதீர்கள். சந்தேகம் தீராவிட்டால் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையை நாடலாம்.

6. கணக்குப் போடுங்கள்

நிறையைத் தூய்மையால் பெருக்குங்கள்: 155.5 கிராம் 925 வில்லையில் 143.8 கிராம் வெள்ளி. அதை அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் உலோகப் பெறுமதி. கடைக்காரர் அதில் கழித்துத்தான் தருவார். இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். ஏங்கல்ஹார்ட், ஜோன்சன் மத்தே போன்ற நிறுவனங்களின் பழைய வார்ப்புகளுக்குச் சேகரிப்பாளர் கூடுதலாகத் தருவதுண்டு. ஆகவே உறையையும் சான்றிதழையும் வீசாதீர்கள். கறுத்திருந்தாலும் தேய்த்து மினுக்காதீர்கள்.