இரண்டாவது ரூட்டரும் எட்டாத கம்ப்யூட்டரும்

ஒரு சிறு கள அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். மழைமானியின் அளவுகள் அங்குள்ள கம்ப்யூட்டரில் பதிவாகின்றன. தொலைவிலுள்ள தலைமை அலுவலகத்தார் இன்டர்நெட் வழியாக அவற்றைப் பார்த்து வருகின்றனர். பணியாளர் பெருகவே, புதிய ரூட்டர் ஒன்று வாங்கி, கம்ப்யூட்டரை அதனோடு இணைக்கின்றனர். அலுவலகத்திற்குள் எல்லாம் ஒழுங்காக நடைபெறுகின்றன. ஆனால் வெளியிலிருந்து கம்ப்யூட்டரை எட்ட முடிவதில்லை. கனமழை நாளில் இவ்வாறு நேர்ந்தால், எச்சரிக்கை விடுக்க வேண்டியவர்களுக்கு மழையளவு கிட்டாது.

காரணம்

ஐ.பி. நான்காம் பதிப்பின் விலாசங்கள் 32 பிட் நீளமுள்ளவை. ஆகவே, உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி விலாசங்களே உண்டு. இவை போதாமையால், பல கம்ப்யூட்டர்கள் ஒரே பொது விலாசத்தைப் பகிர்ந்துகொள்ளும் விலாச மாற்று முறை கையாளப்படுகிறது. உள்ளிருந்து புறப்படும் வேண்டுகோளை ரூட்டர் குறித்து வைத்துக்கொள்வதால், அதற்குரிய பதில் சரியான கம்ப்யூட்டரைச் சேருகிறது. வெளியிலிருந்து தானாக வரும் வேண்டுகோள் யாருக்குரியது என்பதை ரூட்டர் அறியாது, அதை விலக்கிவிடும். இன்ன எண்ணுள்ள போர்ட்டுக்கு வருவதை இன்ன கம்ப்யூட்டருக்கு அனுப்புக என்று முன்னரே விதிப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

ஃபைபர் இணைப்புடன் வரும் பெட்டியே பெரும்பாலும் ஒரு ரூட்டர்தான். அதன் பின்னால் மற்றொன்றை வைத்தால் விலாச மாற்றம் இருமுறை நிகழும். முதல் ரூட்டரிலுள்ள பழைய விதி, கம்ப்யூட்டர் முன்பிருந்த விலாசத்தையே சுட்டி நிற்கும். புதிய ரூட்டரில் மட்டும் விதி எழுதினாலும் பயனில்லை; வேண்டுகோள் அதுவரை வந்து சேர்வதேயில்லை.

சோதிக்கும் முறை

1. அலுவலகத்திலுள்ள வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து அதே போர்ட்டை எட்டிப் பார்க்க. எட்டவில்லையெனில், குறை ரூட்டரில் இல்லாமல் அக்கம்ப்யூட்டரிலேயே இருக்கக்கூடும்.

2. புதிய ரூட்டரின் வெளிப்புற விலாசத்தைக் காண்க. அது 10 அல்லது 192.168 என்றோ, 172.16 முதல் 172.31 வரையுள்ள எண்களிலோ தொடங்கினால், மாற்றம் இருமுறை நிகழ்கிறது என்று கொள்க.

3. முதல் ரூட்டரின் வெளிப்புற விலாசம் 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், சேவை நிறுவனமே மேலும் ஒரு மாற்றம் செய்கிறது. அப்போது அலுவலகத்தில் எழுதும் எவ்விதியும் பலிக்காது. நிறுவனத்திடம் பொது விலாசம் கோர வேண்டும்.

பரிகாரம்

எளிய வழி, புதிய ரூட்டரை வெறும் வைஃபை நிலையமாக மாற்றிவிடுவதாகும். அதில் விலாசம் வழங்கும் பணியை நிறுத்தி, முதல் ரூட்டரின் வரிசையில் வேறெவருக்கும் இல்லாத விலாசமொன்றை அதற்குக் கொடுத்து, கம்பியை உட்புறத் துளையில் செருகவும். கம்ப்யூட்டருக்கு நிலையான விலாசம் அளித்து, முதல் ரூட்டரின் விதியை அதற்கேற்பத் திருத்தவும்.

இரண்டும் ரூட்டராகவே இயங்க வேண்டுமாயின், விதியும் இரண்டு வேண்டும். உதாரணமாக, 8080 எண்ணுள்ள போர்ட்டை முதல் ரூட்டர் 192.168.1.20 என்ற புதிய ரூட்டரின் வெளிப்புற விலாசத்திற்கு அனுப்ப வேண்டும். புதிய ரூட்டர் அதை 192.168.0.50 என்ற கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். இரு ரூட்டர்களின் உள் விலாச வரிசைகளும் வெவ்வேறாக இருத்தல் அவசியம்.

இறுதிச் சோதனையை வைஃபையை நிறுத்திய கைப்பேசியின் மூலம், வெளியிலிருந்தே செய்க. சில ரூட்டர்கள், உள்ளிருந்து தம் வெளி விலாசத்தை அழைத்தால் மறுமொழி தருவதில்லை.

எச்சரிக்கை

திறந்த போர்ட் தலைமை அலுவலகத்திற்கு மட்டுமன்றி உலகனைத்திற்கும் திறந்ததே. ஆதலால் தேவையானதை மட்டும் திறந்து, கருவியுடன் வந்த கடவுச்சொல்லை மாற்றி, பயனற்ற பழைய விதிகளை நீக்கிவிடுக. விலாசங்களையும் விதிகளையும் ஒரு தாளில் வரைந்து ரூட்டரின் அருகே வைத்தால், அடுத்து வரும் ஊழியர் தடுமாற நேராது.