குளிர்கால விருந்தாளி: ஸ்டெப்பிக் கழுகு

தீபாவளி கழிந்து, பெட்டியிலிருந்து ஸ்வெட்டர்களை எடுத்து வெயிலில் போடும் நாட்களில் வட இந்திய வானத்துக்கும் ஒரு விருந்தாளி வந்து சேர்கிறது. அதன் பெயர் ஸ்டெப்பிக் கழுகு. மத்திய ஆசியாவில் மரமே இல்லாமல் அடிவானம் வரை விரிந்து கிடக்கும் புல்வெளியை ஸ்டெப்பி என்பார்கள். அதுதான் இதன் பிறந்த வீடு. நம் நாடு இதற்குக் குளிர்கால வீடு. நம்மைப் போலவே இதற்கும் இரண்டு ஊர். இப்பறவையின் வாழிடம், உணவு, வாழ்க்கைச் சுழற்சி, இன்று இதற்கு நேர்ந்துள்ள ஆபத்து ஆகியவற்றை நம் பிள்ளைகளும் அறிந்துகொள்ளும் வகையில் இக்கட்டுரையில் பார்ப்போம்.

எது கழுகு?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. மார்க்கெட்டுக்கு மேலே கூட்டமாக வட்டமிடுவது பருந்து. அதன் வால் நுனி நடுவில் பிளந்திருக்கும். செத்த மாட்டைச் சுற்றி அமரும், கழுத்தில் இறகு குறைந்த பெரிய பறவை பிணந்தின்னிக் கழுகு. பழந்தமிழில் அதற்குப் பாறு என்றும் எருவை என்றும் பெயர் உண்டு. ஸ்டெப்பிக் கழுகு இவை இரண்டும் அல்ல. உடல் முழுவதும் கரும்பழுப்பு நிறம். கால்விரல் தொடங்கும் இடம் வரை இறகு மூடியிருக்கும். எடை 2 முதல் 5 கிலோ வரை. ஆணைவிடப் பெண் பெரியது. விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர்.

அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. இதன் வாயோரத்தில் உள்ள மஞ்சள் கோடு கண்ணின் பின்விளிம்பு வரை நீண்டிருக்கும். இளம் பறவையாயின், பறக்கும்போது சிறகின் அடியில் அகலமான வெள்ளைப் பட்டை தெரியும்.

1833ஆம் ஆண்டில் பிரையன் ஹாட்சன் என்பவர் நேபாளத்திலிருந்து இப்பறவையை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். அதனாலேயே இதன் அறிவியல் பெயர் 'அக்விலா நிபாலென்சிஸ்' என்று நேபாளத்தைச் சுட்டுகிறது.

வாழிடமும் பயணமும்

தென் ரஷ்யா, கஜகஸ்தான், மங்கோலியா, வட சீனா ஆகிய பகுதிகளில் இது இனப்பெருக்கம் செய்கிறது. இவற்றுள் கஜகஸ்தானில்தான் எண்ணிக்கை மிகுதி. அங்கே பனி இறங்கத் தொடங்கியதும் செப்டம்பர், அக்டோபரில் தெற்கு நோக்கிப் புறப்படும். ஒரு பகுதி அரேபியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் செல்கிறது. மற்றொரு பகுதி இமயத்தைக் கடந்து இந்தியாவுக்கு வருகிறது. எவரெஸ்ட் சிகரத்தின் தெற்குக் கணவாயில், சுமார் 7,900 மீட்டர் உயரத்தில் இப்பறவையின் உடல் கிடைத்திருக்கிறது என்றால் அதன் பயணம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு தூரமும் சிறகடித்தே வருவதானால் உடம்பில் உள்ள கொழுப்பு பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். அதற்கு இயற்கை ஓர் உபாயம் செய்திருக்கிறது. வெயிலில் சூடான தரையிலிருந்து காற்று தூணைப் போல மேலே எழும். கழுகு அதற்குள் நுழைந்து சிறகை விரித்தபடி வட்டமிட்டு உயரும். உச்சிக்குப் போனதும் சரிவில் இறங்குவதுபோல் சறுக்கி அடுத்த காற்றுத் தூணைப் பிடிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் வண்டியை ஓடவிடுவது போன்ற சிக்கனம் இது. கடலின் மேல் இத்தகைய காற்று சரியாக எழுவதில்லை. ஆகவே கழுகுகள் கூடியவரை நிலத்தின் மேலேயே சுற்றிச் செல்கின்றன.

வழித்தடங்களை அறிய விஞ்ஞானிகள் கழுகின் முதுகில் சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். 2019இல் ரஷ்ய விஞ்ஞானிகளின் கருவிகள், இருக்கும் இடத்தைக் கைபேசிக் குறுஞ்செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தன. மின் என்று பெயரிடப்பட்ட ஒரு கழுகு, கஜகஸ்தானில் கோடை முழுவதும் சிக்னல் கிடைக்காத இடத்தில் இருந்துவிட்டு ஈரானுக்குள் போனது. சேர்ந்திருந்த செய்திகள் எல்லாம் வெளிநாட்டுக் கட்டணத்தில் ஒரேயடியாக வந்து குவிந்தன. ஆராய்ச்சிப் பணம் கரைந்துபோக, பொதுமக்கள் கைகொடுத்தார்கள்.

உணவு

பிறந்த வீட்டில் இதன் முக்கிய உணவு நில அணில். புல்வெளியில் வளை தோண்டி வாழும் இந்த அணில் குளிர்காலம் முழுவதும் உறங்கி வசந்தத்தில் வெளியே வரும். கழுகு திரும்பி வந்து சேர்வதும் அதே வேளையில்தான். வளை வாயிலில் பூனையைப் போலப் பொறுமையாகக் காத்திருந்தும் பிடிக்கும். முயல் குட்டி, எலி, சிறு பறவைகளையும் உண்ணும்.

குளிர்கால வீட்டில் கிடைத்ததை உண்ணும் சுபாவம் வந்துவிடுகிறது. ஆப்பிரிக்காவில் மழைக்குப் பின் கிளம்பும் ஈசலைத் தரையில் நடந்தே பொறுக்கித் தின்னும். நம் நாட்டில் எலி, வெட்டுக்கிளி ஆகியவற்றோடு இறந்த கால்நடையின் இறைச்சியும் இதன் உணவு. பிகானேர் அருகில் ஜோர்பீர் என்ற இடத்தில் இறந்த ஒட்டகங்களையும் மாடுகளையும் கொண்டுவந்து போடுகிறார்கள். குளிர்காலத்தில் அங்கே இக்கழுகுகள் பெருங்கூட்டமாகக் கூடும். அழுகும் இறைச்சியைத் தின்று தீர்ப்பதால் இவை ஊருக்குத் துப்புரவுப் பணியும் செய்கின்றன.

வாழ்க்கைச் சுழற்சி

மரம் இல்லாத நாடாகையால் கூட்டைத் தரையிலோ சிறு பாறை மீதோ புதர் மீதோ கட்டுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் 1 முதல் 3 முட்டைகள் இடும். பெரும்பாலும் இரண்டு. அடைகாப்பு சுமார் 45 நாட்கள். குஞ்சு பொரிந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பறக்கும். தரையில் கூடு என்பதால் நரிக்கும் காட்டுத் தீக்கும் பல குஞ்சுகள் பலியாகும். நில அணில் குறைந்த ஆண்டில் ஒரு குஞ்சு தேறுவதே அரிது. தப்பிய குஞ்சும் இணை சேரும் பருவத்தை அடைய நான்கைந்து ஆண்டுகள் ஆகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரு குஞ்சை வளர்க்கிறது என்றும், மூன்று குஞ்சுகளில் ஒன்றே பெரிய பறவையாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். தங்களுக்குப் பதிலாக இரண்டு பறவைகளை விட்டுச்செல்ல அந்த ஜோடி ஆறு ஆண்டுகள் உயிரோடு இருந்தாக வேண்டும். குருவி இனம் இழப்பை விரைவில் ஈடுசெய்துவிடும். கழுகால் அது முடியாது. வளர்ந்த கழுகு ஒன்று இறந்தால் அது பல ஆண்டுகளின் நஷ்டம்.

நாற்பது வயதுக் கதை

கழுகு நாற்பது வயதில் மலை உச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகத்தையும் இறகையும் பிடுங்கி எறிந்து, மீண்டும் முளைக்கவிட்டு எழுபது வயது வரை வாழ்கிறது என்று ஒரு கதை கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பள்ளி விழா மேடைகளிலும் சொல்லப்படுகிறது. அது உண்மையன்று. அலகு உடைந்த கழுகால் இரையைக் கிழிக்க முடியாது, பட்டினியால் இறந்துவிடும். அலகும் நகமும் நம் நகத்தைப் போலத் தேயத்தேய வளர்ந்துகொண்டே இருப்பவை. இறகுகளும் பறப்பதற்கு இடையூறின்றிச் சிலசிலவாக உதிர்ந்து புதிதாக முளைக்கும். பிள்ளைகளுக்கு விடாமுயற்சியைக் கற்பிக்க, இமயத்தைக் கடந்து வரும் மெய்க்கதையே போதுமே.

இரண்டு ஆபத்துகள்

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015இல் ஸ்டெப்பிக் கழுகை அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. புல்வெளிகள் உழவுக்குப் போனது ஒரு காரணம். மனிதன் செய்து, மனிதனே திருத்தக்கூடிய காரணங்கள் இரண்டு உண்டு.

முதலாவது மின்கம்பம். மின்கம்பிகளோடு பணிக்காலம் முழுவதும் பழகியவன் என்பதால் இதைச் சற்று விளக்குகிறேன். ஒரே கம்பியில் அமர்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனெனில் மின்சாரம் அதன் உடல் வழியே போய்ச் சேர வேறு இடம் இல்லை. ஆனால் 11,000 வோல்ட் போன்ற நடுத்தர அழுத்தக் கம்பத்தைப் பாருங்கள். இரும்புக் குறுக்குச் சட்டத்தின் மேல் ஏறத்தாழ ஒரு சாண் உயரமுள்ள பீங்கான் இன்சுலேட்டர். அதன் தலையில் கம்பி. சட்டம் பூமியோடு இணைந்திருக்கும். மரமில்லாத புல்வெளியில் கழுகுக்கு உட்கார அந்தச் சட்டம்தான் கிடைக்கிறது. இரண்டு மீட்டர் சிறகை விரித்தால் நுனி கம்பியைத் தொடும். கால் சட்டத்தில் இருக்கும். உடல் வழியே மின்சாரம் பாய்ந்துவிடும். ரஷ்யா, கஜகஸ்தான், மங்கோலியா ஆகிய நாடுகளில் பெருமளவில் கழுகுகள் இப்படி மடிகின்றன. ராட்சதக் கோபுரங்களில் இடைவெளி அதிகம் என்பதால் இந்த வகை ஆபத்து குறைவு. சிறிய கம்பமே கொல்கிறது.

ரயில்வேயில் 25,000 வோல்ட் கம்பிக்கும் கம்பத்துக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் அளப்போம். அதே கவனம் இங்கும் போதும். கம்பியைச் சட்டத்துக்கு மேலே நிறுத்தாமல் கீழே தொங்கவிடலாம். அல்லது இன்சுலேட்டரின் இருபுறமும் கம்பிக்கு மின்கடத்தா உறை போடலாம். கம்பத்தை நடும்போதே செய்தால் செலவும் குறைவு.

இரண்டாவது மாட்டு மருந்து. வலி நீக்க மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றை அழித்தது என்பது 2004இல் தெரியவந்தது. 2006இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அதன் பிறகும் ராஜஸ்தானில் இறந்து கிடந்த ஸ்டெப்பிக் கழுகுகளின் உடலில் அம்மருந்து இருந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபெனாக் ஆகியவையும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் என்ற மருந்து வலியையும் போக்கும், பறவையையும் கொல்லாது.

நாம் செய்யக்கூடியது

ஊரில் நம் உறவினர் பலர் இன்றும் மாடு வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை போனில் பேசும்போது, மாட்டுக்கு வலி ஊசி என்றால் மெலாக்சிகாம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஊரில் உள்ள பாறுக் கழுகுகளுக்கும் அது நன்மை. மின்கம்பத்தின் கீழ் பெரிய பறவை அடிபட்டோ இறந்தோ கிடந்தால் கையால் தொடாமல் வனத்துறைக்கும் மின்வாரியத்துக்கும் தெரிவியுங்கள். எந்தக் கம்பம் என்று அதன் எண்ணையும் குறித்துக் கொடுப்பது பயன் தரும்.

ஜனவரி விடுமுறையில் பிள்ளைகளை ஜோர்பீருக்கோ பரத்பூர் சரணாலயத்துக்கோ அழைத்துச் செல்லலாம். காலையில் அவசரப்பட வேண்டாம். தரை சூடேறி, ஒன்பது பத்து மணிக்கு மேல்தான் கழுகு எழும்பும். பிப்ரவரி, மார்ச்சில் அவை ஊர் திரும்பத் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்குச் சில வினாக்கள்

1. பருந்தையும் ஸ்டெப்பிக் கழுகையும் எப்படி வேறுபடுத்துவாய்?
2. கழுகு கடலின் மேல் பறப்பதை ஏன் தவிர்க்கிறது?
3. காக்கைக்கு ஆபத்தில்லாத கம்பி கழுகுக்கு ஆபத்தாவது எப்படி?
4. ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரு குஞ்சு வளர்த்து, நான்கில் ஒன்றே தேறினால், இரண்டு பறவைகளை விட்டுச்செல்ல எத்தனை ஆண்டுகள் ஆகும்?