கண்டி வீதியும் கையடக்கத் திரையும்

எசல பெரஹராவைக் காணக் கண்டி மாநகருக்கு வருவோர் பண்டுதொட்டுச் செய்துவரும் முதற்காரியம் காத்திருத்தலாகும். நண்பகல் கடந்ததும் தலதா வீதியிலோ ராஜ வீதியிலோ பாய் விரித்து இடம் பிடித்தவர், இரவாகும்வரை அவ்விடம் விட்டு அசையார். முதலிற் கசையொலி கேட்கும். அதன்பின் தீப்பந்தங்கள், கொடிகள், யானைமேல் ஏடு தாங்கி வரும் பெரமுனே ரால, மேளகாரர், கூத்தர், பேழை சுமந்த மாளிகைக் கொம்பன் யானை. அவற்றைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் அணிகள். கதிர்காமத் தேவாலய அணியிற் காவடி ஆடிவருதலை நம்மவர் தனி உவகையோடு நோக்குவர். ஓரிடத்தில் அமர்ந்திருப்பவன் முன்னே ஊர்வலம் முழுவதும் முறைப்படி கடந்து செல்வதால், முன்னது எது, பின்னது எது என்பதை அவன் கண்ணே கற்றுக்கொள்ளும்.

வானொலி வந்தபோது கண்ணின் இடத்தைச் செவி பெற்றது. 1982ஆம் ஆண்டில் ரூபவாஹினி தோன்றியபின் வீட்டிலிருந்தே காணலாயிற்று. எனினும் எதனைக் காட்டுவது, எதனை விடுவது என்று முடிவு செய்தோர் ஒரு நிலையத்தார் சிலரே. பிழை நேரின் யாரைக் கேட்பதென்பது யாவர்க்கும் தெரியும்.

சமூக வலைத்தளங்கள் தோன்றியபின் வீதியோரத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒளிபரப்பாளராயினர். மணிக்கூட்டுக் கோபுரத்தருகே நிற்பவர் காட்டும் யானையும், குயின்ஸ் ஹோட்டல் முன் நிற்பவர் காட்டும் யானையும் நம் கையடக்கத் தொலைபேசியில் அடுத்தடுத்து வருகின்றன. இவை கால ஒழுங்கில் வருவனவல்ல. பலரும் விரும்பியது மேலேறும். நேற்றைய காட்சி இன்றையதற்கு முன் நிற்கும். 'நேரலை' என்னும் சொல்லையும் சிறிது ஐயத்தோடே கொள்ளல் வேண்டும். படம் சிறு சிறு துண்டுகளாக இணையவழி வந்து, சேர்த்துவைக்கப்பட்ட பின்னரே திரையில் தோன்றுமாதலின், பல விநாடிகள் பிந்தும். பல்லேகலையிற் கிரிக்கெட் நடைபெறும் நாளில், அடுத்த வீட்டு வானொலி ஆரவாரித்து ஓய்ந்த பின்னரே நம் திரையிற் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குகிறார். இஃது அயலாரோடு நல்லுறவை வளர்ப்பதன்று!

இதன் நன்மையை நாம் குறைத்து மதிப்பிடுதல் தகாது. கொள்ளைநோய் காரணமாக 2020, 2021 ஆகிய ஆண்டுகளிற் பொதுமக்கள் வீதியிற் கூடாமலே பெரஹரா நடைபெற்றது. கசையொலி வெறும் வீதியில் எழுந்தது. ஆயினும் மத்திய கிழக்கிற் பணிபுரிவோரும், இலண்டனிலும் டொரொன்டோவிலும் குடியேறியோரும், நெருக்கடியில் நிற்கவியலாத முதியோரும் திரைவழியே அதனைக் காண முடிந்தது. மற்றை ஆண்டுகளில் இருக்கைக்குப் பெரும்பணம் கொடுப்போர்க்குக் கிட்டும் காட்சி தோட்ட லயத்திலிருந்தோர்க்கும் கிட்டிற்று.

பெரஹராவைத் துண்டு துண்டாகக் கண்டு அதன் முறையைப் பிறழ விளங்கிக்கொள்வதாற் பெருங்கேடு ஒன்றும் விளைவதில்லை. ஆனால் இவ்வாறு பார்க்கும் பழக்கம் பெரஹராவோடு நின்றுவிடுவதன்று. 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணை முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல் மூண்டபோது, நாம் அதனையும் கையிலிருந்த திரையிலேயே பின்தொடர்ந்தோம். எரியும் கடை எவ்வூரது, இன்று எரிவதா, நேற்று எரிந்ததா, படம் பிடித்தவர் காப்பாற்ற வந்தவரா, கொளுத்த வந்தவரா என்று திரை கூறவில்லை. அதற்குச் சில நாள் முன்னரே அம்பாறையில் ஓர் உணவகத்துக் கறியிற் கருத்தடை மாத்திரை கலந்ததாக ஒரு கதை முகநூலிற் பரவியிருந்தது. அது வெறும் மாக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அறிவிப்புப் பிந்தியது, கதை முந்தியது.

மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியன முடக்கப்பட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் அவ்வாறே இருந்தன. வதந்தியின் வழி அடைபட்டபோது, உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்று கேட்கும் வழியும் உடன் அடைபட்டது. மாற்றுவழி அறிந்தோர் தடையைத் தாண்டிச் சென்றனர். அறியாதவர் இருளில் இருந்தனர்.

கருவியின்மேற் பழி முழுவதையும் சுமத்துதல் வரலாறு அறிந்தோர்க்கு அழகன்று. 1915 மே மாத இறுதியில், இதே நகரில், பள்ளிவாசலருகே வெசாக் ஊர்வலம் செல்வதுபற்றி எழுந்த பிணக்குக் கலவரமாகிப் பல ஊர்களுக்கும் பரந்தது. அன்று தொலைபேசி எவர் கையிலும் இல்லை. இருப்புப்பாதை வழியே அது கொழும்பை அடையச் சில நாள் ஆயிற்று. அச்சில நாளே 2018இல் நமக்குக் கிட்டாதது.

இக்காலத்து நிலையத்தார் யார், அவரை எங்கே போய்க் கேட்பது என்று மாணவர் வினவலாம். சிங்களத்தில் எழுதப்பட்ட பகைமொழியைப் படித்து நீக்கவல்லோர் அக்காலத்தில் முகநூல் நிறுவனத்திற் போதிய தொகையினராக இருக்கவில்லை. முறைப்பாடு செய்யப்பட்ட பதிவுகளும் நீக்கப்படாது கிடந்தன. தன் தளத்தால் மக்களுக்கு நேர்ந்த தீங்கிற்கு அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது 2020 மே மாதத்தில், திகன எரிந்து ஈராண்டு கழிந்த பின்னர்.