வீடு தேடுமுன் அண்டை வீட்டைப் பாருங்கள்
பாதுகாப்பான குடியிருப்பைத் தெரிந்தெடுப்பது பற்றி ஒரு பாடம்



நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டே வருவார்கள். சில வருடங்களாக இன்னொரு கேள்வியையும் கொண்டுவருகிறார்கள். "மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. எந்த ஏரியாவில் வீடு எடுக்கலாம்? திருட்டு, அடிதடி இல்லாத இடமாகச் சொல்லுங்க பாய்" என்கிறார்கள். மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ குடிபோகிறவர்களும் இதையே கேட்கிறார்கள். சென்னை, திருப்பூர் போகிறவர்கள் கேட்பதும் இதுதான்.

இது உலக ஆசையில் பிறந்த கேள்வி அல்ல. இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் மக்காவுக்காகக் கேட்ட துஆ அல்பகரா அத்தியாயத்தின் 126-ஆம் வசனத்தில் வருகிறது. அதில் இந்த ஊரை அபயமளிக்கும் ஊராக ஆக்கு என்று முதலில் கேட்கிறார்கள். உணவும் கனிகளும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பயம் இருக்கிற இடத்தில் சோறு இறங்காது என்பது நமக்கும் தெரியும்.

ஆனால் இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தவறான பதில் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை எழுதுவது நியாயமாகாது.

நான் சொன்ன தவறான யோசனை

சில வருடங்களுக்கு முன் ஒரு சகோதரி வந்தார். கணவர் சவூதியில் வேலை பார்த்தார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். நகரத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் நெருக்கமான ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். அந்தத் தெரு முனையில் போலீஸ் வண்டி அடிக்கடி நிற்பதை நான் பார்த்திருந்தேன். நாலு பேர் பேசியதும் காதில் விழுந்திருந்தது. "அந்தத் தெரு வேண்டாம்மா, ஊருக்கு வெளியே புது பிளாட்டில் காற்றோட்டமாக வீடு கிடைக்கிறது, அங்கே போங்க" என்றேன். என் பேச்சை நம்பிப் போனார்கள்.

அறுபது மனை போட்ட இடத்தில் ஆறு வீடுதான் கட்டியிருந்தது. பஸ் இறங்குமிடத்திலிருந்து வீடுவரை விளக்கு கிடையாது. மூத்த பெண் மாலை டியூஷனை நிறுத்திவிட்டாள். ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் கதவு உடைந்து கிடந்தது, நகையும் போயிருந்தது. இரண்டு வருடத்துக்குள் பழைய தெருவுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். அந்தச் சகோதரி என்னைக் குறை சொல்லவில்லை. "வீடு நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே, கூப்பிட்டா கேக்க ஆளு இல்ல" என்று மட்டும் சொன்னார்.

பிறகு விசாரித்தபோதுதான் போலீஸ் வண்டியின் காரணம் தெரிந்தது. பக்கத்தில் பஸ் ஸ்டாண்டு இருந்ததால் ரோந்து வண்டி அங்கே நிற்குமாம். நான் எண்ணிக்கை எதையும் பார்க்கவில்லை, இரவில் போய் இடத்தையும் பார்க்கவில்லை, அந்தத் தெருக்காரர்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. வதந்தியை வைத்து யோசனை சொல்லியிருக்கிறேன். அதன்பின் இதைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படித்ததைக் கீழே தருகிறேன்.

எண்ணிக்கையை எப்படிப் படிப்பது

மத்திய அரசின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் குற்றக் கணக்கை அறிக்கையாக வெளியிடுகிறது. அதில் மொத்த வழக்குகளை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பெரிய ஊரில் வழக்கு கூடுதலாகத்தான் இருக்கும். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்ற விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் போதாது. 2019-இல் நாடு முழுவதும் 51,56,158 வழக்குகள் பதிவாயின. 2020-இல் அது 66,01,285 ஆனது. ஒரே வருடத்தில் 28 சதவீதம் அதிகம். நாடு கெட்டுவிட்டதா? இல்லை. அது கொரோனா ஊரடங்கு வருடம். அரசு உத்தரவை மீறியதற்கான 188-ஆவது பிரிவு வழக்குகள் ஏறத்தாழ 29 ஆயிரத்திலிருந்து 6 லட்சத்துக்கும் மேலே போயின. அதிலே நம் தமிழ்நாட்டின் பங்கு பெரியது. முகக்கவசம் போடாதவரும் கடையைத் திறந்தவரும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. புகாரை வாங்கிப் பதிவு செய்கிற காவல் நிலையத்தில் எண்ணிக்கை கூடும். விரட்டிவிடுகிற நிலையத்தில் குறையும். 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலிருந்து தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே குறைந்த எண்ணிக்கை என்றால் குறைந்த குற்றம் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. பெண்கள் தைரியமாகப் போய்ப் புகார் கொடுக்கிற ஊரில் அந்த எண்ணிக்கை கூடத்தான் தெரியும்.

மாவட்டக் கணக்கு உங்கள் தெருவைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற நுட்பமான வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காவல் நிலையம் வாரியாக அவற்றைப் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கிற பிள்ளையை உட்காரவைத்து, நீங்கள் போகப்போகிற நிலைய எல்லையின் ஆறு மாத வழக்குகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் ஒரே மாதிரிக் குற்றம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று கவனியுங்கள். நமக்கு வேண்டியது அதுதான்.

எதற்குப் பயப்பட வேண்டும்

நாம் பயப்படுவது ஒன்று, நம்மைத் தாக்குவது வேறொன்று. தமிழ்நாட்டில் 2022-இல் பதிவான கொலைகள் ஏறத்தாழ 1,700. அதே வருடம் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,000-க்கும் மேல். பத்து மடங்கு! ரவுடிக்குப் பயந்து அமைதியான இடத்தில் வீடு பார்க்கிறோம். அங்கிருந்து பள்ளிக்கூடம் போகப் பிள்ளை தினமும் கொல்லம் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியிருப்பதைப் பார்ப்பதில்லை. வீடு பார்க்கும்போது பிள்ளை நடக்கப்போகும் பாதையையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது விஷயம் கசப்பானது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவரே என்று அதே அறிக்கை வருடா வருடம் சொல்கிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் முதலிடத்தில் நிற்பது கணவனும் அவன் வீட்டாரும் செய்யும் கொடுமை. எந்த ஊருக்குப் போனாலும் இதற்கு வாசலில் பூட்டுப் போட முடியாது. மகளிடம் காதுகொடுத்துக் கேட்கிற தாய் தகப்பன்தான் அந்தப் பூட்டு.

மூன்றாவது, போனில் வரும் மோசடி. அதற்கு நல்ல ஏரியா, கெட்ட ஏரியா என்ற பேதம் கிடையாது. பணம் போனதும் 1930 என்ற எண்ணில் உடனே சொல்ல வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

இடத்தைப் பார்ப்பது

வீட்டைப் பகல் பதினொரு மணிக்குப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருகிறோம். அதே வீட்டை இஷாவுக்குப் பிறகு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருமுறை போய்ப் பாருங்கள். விளக்கு எரிகிறதா? பெண்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்களா? பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்களா? பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. வயதானவர்கள் அங்கே உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காசு வாங்காத காவலர்கள் அவர்கள். இன்று திண்ணையை இடித்துக் காம்பவுண்டு சுவர் எழுப்பி, அதன்மேல் கேமரா வைக்கிறோம். கேமரா நடந்ததைப் பிறகு காட்டும். நடக்கும்போதே "யாருப்பா அது?" என்று கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

மனை வாங்குகிறவர்கள் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுதானா என்று கட்டாயம் பாருங்கள். அங்கீகாரம் பெற்றதில் சாலையும் பொது இடமும் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். தெருவிளக்குக்குப் பேரூராட்சியிடமோ நகராட்சியிடமோ உரிமையோடு கேட்கலாம். மற்றதில் இருட்டுக்கு யாரும் பொறுப்பில்லை.

மதுக்கடை எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிறுவனத்துக்கும் 50 மீட்டருக்குள்ளும், மற்றப் பகுதிகளில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது என்பது 2003-ஆம் வருட விதி. 100 மீட்டர் என்பது இரண்டு நிமிட நடை. ஆகவே விதியை மட்டும் நம்பாமல், மகள் பஸ்ஸுக்குப் போகும் வழி அந்தக் கடை வாசலில் போகிறதா என்று நடந்தே பாருங்கள்.

மனிதர்களைப் பார்ப்பது

1997-இல் அமெரிக்காவில் சிகாகோ நகரின் 343 குடியிருப்புப் பகுதிகளில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியானது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் தெருமுனையில் நின்றால் உங்கள் பக்கத்து வீட்டார் தட்டிக் கேட்பார்களா என்பது போன்ற சாதாரணக் கேள்விகள்தான். கேட்பார்கள் என்று பதில் வந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. அந்தப் பகுதியின் வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான் இருந்தது. ஏழைத் தெரு என்றால் குற்றத் தெரு என்று நினைப்பது தவறு.

நம் நாட்டிலும் அசுதோஷ் வார்ஷ்னே என்ற அறிஞர் 2002-இல் ஒரு நூல் வெளியிட்டார். கலவரம் நடந்த நகரங்களையும் அமைதியாக இருந்த நகரங்களையும் ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். அலிகாருக்கு எதிரே கோழிக்கோடு ஒரு ஜோடி. அண்டை வீட்டுப் பழக்கம் நல்லதுதான், ஆனால் நகரத்தில் அது மட்டும் போதாது என்பது அவர் கண்டது. இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து இருக்கிற வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம், வாசிப்புச் சாலை போன்றவை இருக்கும் ஊரில் வதந்தி வரும்போது அதை நிறுத்த ஆள் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இது புத்தகப் பாடம் மட்டுமல்ல. 1997-இல் விருதுநகர் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டதையொட்டி நடந்த சாதிக் கலவரங்களை நடுத்தர வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பஸ் ஓடாத நாட்கள் அவை. கடைசியில் மாவட்டங்களுக்கும் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களையெல்லாம் அரசு எடுத்துவிட்டது. அந்தக் காலத்தில்தான் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டமும் வந்தது. முதல் சமத்துவபுரம் திருமங்கலம் பக்கத்தில் மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பட்டது. ஒரு குடியிருப்புக்கு நூறு வீடு. அதில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. பிரிந்து வாழ்வதால் வந்த பகைக்குச் சேர்ந்து வாழ்வதே மருந்து என்ற எண்ணம் அதில் இருந்தது. நூறு வீடு கட்டுவது எளிது. நூறு வீட்டாரைப் பேசிப் பழகவைப்பது அரசாணையால் ஆகாது என்பதும் உண்மை. ஆனாலும் அந்த எண்ணம் சரியானது.

இங்கே நம்மைப் பற்றியும் பேச வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டுப் போய், பெயரைச் சொன்னதும் "இப்பத்தான் வேறொருத்தருக்குக் கொடுத்தாச்சு" என்ற பதிலைக் கேட்டவர்கள் நம்மில் பலர். அது வலிக்கிறது. அதனாலேயே பலர் மஹல்லாவை விட்டு வெளியே தேடுவதில்லை. பள்ளிவாசல் அருகில் இருக்க ஆசைப்படுவதில் தவறில்லை. பிள்ளைகளுக்கு மக்தபும் வேண்டும். ஆனால் வேறு தெருவைப் பற்றி "அந்தப் பக்கம் போகாதே" என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும்போது, நம்மை வேதனைப்படுத்திய அதே காரியத்தைத்தான் நாமும் செய்கிறோம். நான் அந்தச் சகோதரிக்குச் சொன்னதும் அதுவே. நான் குறை சொன்னது நம் சொந்த மஹல்லாவையே என்பதுதான் வித்தியாசம்.

நாமும் யாருக்கோ அண்டை வீட்டார்

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) ஓயாமல் வலியுறுத்தியதைக் கேட்டு, சொத்தில் வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணியதாக ஹதீஸில் வருகிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 36-ஆம் வசனம் உறவான அண்டையாரையும் அந்நியரான அண்டையாரையும் சேர்த்தே சொல்கிறது. ஹனஃபி சட்டத்தில் வீடு விற்கும்போது அடுத்த வீட்டாருக்கு முன்னுரிமை கேட்கும் 'ஷுஃப்ஆ' என்ற உரிமைகூட உண்டு. அடுத்த வீட்டில் யார் வருகிறார் என்பது அவ்வளவு பெரிய விஷயமாகக் கருதப்பட்டது.

குற்றம் குறைந்த ஊர் என்று ஒன்று தயாராக நமக்காகக் காத்திருப்பதில்லை. அங்கே இருக்கிறவர்கள் அதை அப்படி ஆக்குகிறார்கள். நாம் குடிபோகிற தெருவில் நாம் எப்படிப்பட்ட அண்டை வீட்டார் என்பதிலும் அந்த ஊரின் பாதுகாப்பு இருக்கிறது.

அட்வான்ஸ் கொடுக்குமுன் இந்த ஏழையும் பாருங்கள்:

1. அந்தக் காவல் நிலைய எல்லையில் ஆறு மாத வழக்குகளைப் பார்த்தீர்களா?
2. இரவில் ஒருமுறை பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை நடந்தீர்களா? முடிந்தால் வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது நமக்குத் தெரியாது.
3. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பெரிய சாலை குறுக்கிடுகிறதா?
4. பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடும் காலி மனையும் எத்தனை?
5. மளிகைக் கடைக்காரர், இஸ்திரி போடுபவர், பால்காரர் ஆகிய மூவரிடமும் கேட்டீர்களா? தரகர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.
6. தெருவில் எல்லோரும் சேர்ந்த சங்கம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சேருவீர்களா?
7. நடுராத்திரியில் கதவைத் தட்டினால் திறக்கக்கூடிய ஒரு வீட்டையாவது தெரிந்துகொண்டீர்களா?

குடிபோனதும் இடப்பக்கம், வலப்பக்கம், எதிர்ப்பக்கம் மூன்று வீட்டுக்கும் போய் ஸலாமோ வணக்கமோ சொல்லி, போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூர் போனால் அவர்களிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அந்தச் சகோதரியின் மூத்த மகள் இப்போது படிப்பை முடித்து ஆசிரியை ஆகிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். அதே நெருக்கமான தெருவில்தான் இருக்கிறார்கள். சென்ற ரமலானில் கஞ்சி வாங்கப் போனபோது பார்த்தேன். மாலையில் அந்த வீட்டு வாசற்படியில் பத்துப் பிள்ளைகள் டியூஷனுக்கு உட்கார்ந்திருந்தார்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். தெருவும் வெளிச்சமாக இருந்தது.

வல்ல அல்லாஹ் நம் ஊர்களை அபயமான ஊர்களாக ஆக்கி, நம்மை நல்ல அண்டை வீட்டாராகவும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.

செயலாளர்