கடைப் பாக்கி கடையிலேயே இருக்கட்டும்



இரவு ஒன்பது மணிக்கு ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறோம். சாவி நம்மோடு வருகிறது. மனம் மட்டும் கல்லாவை விட்டு எழுந்திருப்பதில்லை. வாசலுக்கு ஓடிவரும் பிள்ளை, "அப்பா, இன்னிக்கு ஸ்கூல்ல..." என்று தொடங்கும்போது, பருப்பு மூட்டைக்கு ஏறிய விலையும், 20-ஆம் தேதிக்குள் போடவேண்டிய ஜி.எஸ்.டி. கணக்கும் தலைக்குள் ஓடுகின்றன. "ம்... ம்..." என்கிறோம்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, "ஒண்ணுமில்லப்பா" என்று அம்மாவிடம் போய்விட்டாள். அன்று திரும்பி வந்திருந்த காசோலை 12,000 ரூபாய்க்கு. அந்தப் பணம் பிறகு வசூலாகிவிட்டது. அவள் சொல்ல வந்தது என்ன என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

முடிந்த வேலையைவிட முடியாத வேலையே மனத்தில் தங்குகிறது என்று புளூமா சைகார்னிக் என்ற உளவியல் அறிஞர் 1927-இல் எழுதினார். பின்னால் நடந்த சோதனைகள் பல இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ரொக்கக்காரர் முகம் மறந்து, பாக்கிக்காரர் முகம் மறக்காத நமக்கு வேறு சாட்சி எதற்கு? இதற்கு மருந்தும் உண்டு. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவு இது: வேலையை முடிக்காவிட்டாலும், அதை எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டமிட்டுவிட்டாலே மனத்தின் நச்சரிப்பு அடங்குகிறது.

ஆகவே ஷட்டரை இறக்குமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒரு நோட்டில் எழுதுங்கள். 'வசூல்' என்று மொட்டையாக எழுதிப் பயனில்லை. 'காசோலை விஷயம், நாளை 11 மணி, வங்கிக்கு நானே போவது', 'கொள்முதல் பில்கள், புதன் காலை, ஆடிட்டரிடம் பையன் மூலம்' என்று நாளும் ஆளும் தெரிய எழுதவேண்டும். நோட்டைக் கல்லாவிலேயே வைத்துப் பூட்டுங்கள். கைப்பேசியைத்தான் பூட்டிவிட்டு வரமுடியாது. மொத்த வியாபாரிகளுக்கு ஆர்டரே இரவில்தான் வாட்ஸ்அப்பில் வருகிறது. பிள்ளை தூங்கும்வரை அது வேறு அறையில் கிடக்கட்டும்.

தீபாவளி சீசனில் பிள்ளை தூங்கிய பிறகுதான் வீடு திரும்ப முடியும். அந்த நாட்களில் பள்ளி வேன் வருவதற்கு முந்தைய கால் மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை பேசும் என்று காத்திராமல், "அந்த ஓட்டப்பந்தயம் என்ன ஆச்சு?" என்று, விட்ட இடத்திலிருந்து நீங்களே எடுத்துக் கொடுங்கள்.