ஊதாத்தோல் உருளைக்கிழங்கும் அதன் வளர்ப்பு இயல்புகளும்

ஹைதராபாதுக்கு மேற்கேயுள்ள ஜஹீராபாத் வட்டாரத்தில் உருளைக்கிழங்கு குளிர்காலப் பயிராகும். அங்குள்ள உழவர்கள் பெரிதும் அறிந்தது இளமஞ்சள் தோலுடைய கிழங்கே. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அண்மை ஆண்டுகளில் வெளியிட்ட ‘குஃப்ரி நீல்கண்ட்’ என்னும் ரகமோ அடர்ந்த ஊதாத் தோலும் இளமஞ்சள் சதையும் உடையது. இது வட இந்தியச் சமவெளிகளுக்கெனப் பரிந்துரைக்கப்பட்டது. அங்கு 90 முதல் 100 நாட்களில் முதிர்ந்து, ஹெக்டேருக்குச் சுமார் 35 முதல் 38 டன் விளைவு தருகிறது. தக்காணத்தில் இதனைப் பயிரிட விரும்புவோர் இதன் இயல்புகளை முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம்.

நிறத்தின் காரணம்

தோலின் ஊதா நிறத்திற்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளாகும். கத்தரிக்காய், நாவற்பழம் ஆகியவற்றின் நிறமும் இத்தகையதே. இதனால் தீங்கில்லை. ஆனால் எந்த உருளைக்கிழங்கும் வெளிச்சத்தில் கிடந்தால் தோலடியில் பச்சை நிறம் தோன்றும். அதனுடன் சோலனின் என்னும் நச்சுப்பொருளும் பெருகும். சமைப்பதால் அந்நஞ்சு நீங்குவதில்லை. வெளிர்த்தோல் கிழங்கில் பச்சை நிறம் எளிதில் புலப்படும். ஊதாத் தோலில் அது மறைந்துவிடும். ஆகவே ஐயமுள்ள கிழங்கின் தோலை நகத்தால் சுரண்டிப் பார்த்தல் வேண்டும். உட்புறம் பச்சையாகவோ, சுவை கசப்பாகவோ இருப்பின் அக்கிழங்கை விலக்குக.

சாகுபடி முறை

கிழங்கு நன்கு பிடிப்பதற்கு இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்திருத்தல் வேண்டும். ஹைதராபாத் பகுதியில் பிப்ரவரி இறுதியிலேயே வெயில் ஏறத் தொடங்குவதால், அக்டோபர் பிற்பகுதி முதல் நவம்பர் முதல் வாரத்திற்குள் நடுதலே ஏற்றது. பிந்தி நட்டால் கிழங்கு பருக்கும் நாட்கள் குறைந்துவிடும்.

நிலம் நீர் தேங்காததாக இருத்தல் வேண்டும். 40 முதல் 50 கிராம் எடையுள்ள, முளைகட்டிய விதைக்கிழங்குகளை வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளியில் நடலாம். 25 முதல் 30 நாட்களில் மண் அணைத்தல் இன்றியமையாதது. கிழங்கு வெளிச்சம் படாமல் காப்பது இம்மண்ணே. அறுவடைக்கு 10 முதல் 15 நாட்களுக்கு முன்னர்த் தழையை அறுத்துவிட்டால் தோல் இறுகும். எடுத்த கிழங்குகளை இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

ஊதாத் தோலைச் சீவிச் சிறிது நீரில் கொதிக்கவைத்து, வடித்த நீரை இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுக. ஒன்றில் எலுமிச்சைச் சாறும் மற்றொன்றில் சமையல் சோடாவும் இடுக. முன்னது சிவக்கும், பின்னது நீலமோ பச்சையோ கலந்த நிறம் பெறும். நிறப்பொருள் நீரில் கரைவது என்பதையும் மாணவர் இதனால் உணர்வர். கிழங்கைத் தோலுடன் முழுதாக வேகவைப்பதன் காரணமும் அவர்களுக்கு விளங்கும்.

களப்பணியாளர் கவனிக்க வேண்டுவது

உருளைக்கிழங்குச் சாகுபடிச் செலவில் பெரும்பகுதி விதைக்கிழங்கிற்கே ஆகிறது. புதிய நிறத்தைக் கண்டு உழவர் வயல் முழுவதும் நட்டு, விளைவு குறைந்தால் அக்கடன் அவரையே சாரும். எனவே முதலாண்டில் வழக்கமான ரகத்தின் பக்கத்தில் நான்கைந்து வரிசைகள் மட்டும் நட்டு, விளைவை எடைபோட்டு ஒப்பிடுதலும், சந்தையில் வாங்குவோர் உளரா என விசாரித்தலும் தக்கது. அதன்பின் பரப்பைக் கூட்டலாம்.